6 டன் ஸ்கிட் தூக்கணும், மஞ்ச பெல்ட் நாலு போதுமா?

துவாக்குடி_ஃபேப்:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சி துவாக்குடி பக்கம் சின்ன ஃபேப்ரிகேஷன் ஷாப் வச்சிருக்கோம், இதுவரைக்கும் டக்ட், சின்ன டேங்க், பிளாட்ஃபார்ம் இந்த மாதிரி வேலைதான், இப்ப முதல் தடவையா ஒரு பம்ப் ஸ்கிட் (பம்பு, மோட்டார், பைப்பிங் எல்லாம் ஒரே இரும்பு ஃபிரேம்ல உக்கார்றது) பண்றோம். 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம், பம்பு மோட்டார் பைப்பிங் எல்லாம் ஏறினதும் டிராயிங் படி 6 டன் வரும். ஷெட்ல 10 டன் இஓடி கிரேன் (கூரைக்குக் கீழ ரெயில்ல ஓடற கரண்ட் கிரேன்) இருக்கு, ஹூக்கை முழுசா மேல ஏத்தினா தரையிலேர்ந்து 6 மீட்டர். டிரெய்லர் உள்ளயே வந்துடும்.

பிரச்சனை ஸ்லிங்தான், அதாவது லோடை ஹூக்ல மாட்டற பெல்ட், ரோப், செயின். எங்ககிட்ட 3 டன் மஞ்ச பெல்ட் 3 மீட்டர் நீளத்துல எட்டு இருக்கு. நாலு மூலையிலயும் சேனலைச் சுத்தி ஒண்ணு ஒண்ணா போட்டு நாலு கண்ணையும் ஹூக்ல மாட்டிடலாம், நாலு மூணு 12 டன், 6 டன் லோடுக்கு டபுள் இருக்குன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. கணக்கு சரியாத்தான் தெரியுது ஆனாலும் எனக்கு மனசு ஒப்பல. ஒரு கடைல வயர் ரோப் வாங்குங்கறாங்க, இன்னொரு கடைல செயின்தான் நல்லதுங்கறாங்க. பெயிண்ட்ல கீறல் விழக்கூடாதுன்னு பார்ட்டி வேற கண்டிஷன் போட்டிருக்காங்க. எதைத்தான் எடுக்கறது?

பழைய_ரிக்கர்:
தம்பி உங்க மனசு ஒப்பாதது சரிதான், அந்த 12 டன்ங்கற கணக்கை முதல்ல மறந்துடுங்க. ஸ்லிங் எதுன்னு அப்புறம் பாக்கலாம், லோடைப் பத்தி நாலு விஷயம் சொல்லுங்க. லிஃப்டிங் லக், அதாவது ஸ்லிங் மாட்ட ஓட்டை போட்டு வெல்ட் பண்ற பிளேட், இருக்கா இல்லையா? பெல்ட் படப்போற இடத்துல எட்ஜ் எப்படி? மோட்டார் எந்தப் பக்கம், வெயிட்டு நடுவுல உக்காருதா ஒரு ஓரமா சாயுதா? பெயிண்ட் அடிச்சாச்சா இன்னும் அடிக்கலயா? இது தெரியாம பெல்ட்டா செயினான்னு யார் சொன்னாலும் அது குருட்டாம்போக்குதான்.

துவாக்குடி_ஃபேப்:
லக் இல்லண்ணே, டிராயிங்லயே இல்ல. ஃபிரேம் 200 சேனல், நடுவுல கேஸ் கட்டிங் பண்ணின பிளேட்டுங்க வெல்ட் ஆகியிருக்கு, ஒண்ணு ரெண்டு இடத்துல கட்டிங் எட்ஜ் இன்னும் கிரைண்ட் பண்ணல. மோட்டார் ஒரு பக்கமாத்தான் இருக்கு, சென்டர்லேர்ந்து சுமார் 300 மில்லி அந்தப் பக்கம் வெயிட்டு வரும்னு டிசைன் பண்ணின பையன் சொல்றான். பிரைமர் மட்டும்தான் அடிச்சிருக்கோம், ஃபினிஷ் பெயிண்ட் அடுத்த வாரம்.

லோடிங்_கான்ட்ராக்ட்:
இவ்ளோ யோசிக்க ஒண்ணும் இல்ல பாஸ். நான் 25 வருஷமா லோடிங் எடுத்து பண்றேன், மஞ்ச பெல்ட்ல எத்தனையோ மிஷின் தூக்கியாச்சு, எட்ஜ்ல ரெண்டு சாக்கு மடிச்சு வச்சா போதும், ஒண்ணும் ஆகாது. பெல்ட்டுக்கு சேஃப்டி ஃபேக்டர் ஏழு, 3 டன் பெல்ட் 21 டன்ல தான் அறும். பயப்படாம தூக்குங்க.

ஜுராங்_லிஃப்டிங்:
சிங்கப்பூர்ல லிஃப்டிங் சூப்பர்வைசரா இருக்கேன், மேல உள்ள அண்ணன் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனா இந்த ஜாப்ல அதை ஒத்துக்க முடியாது. எண்ணை வச்சே சொல்றேன்.

ஸ்கிட் நடுவுலேர்ந்து ஒரு மூலைக்கு குறுக்கா அளந்தா 2.69 மீட்டர் வருது (நீளத்துல பாதி 2.5, அகலத்துல பாதி 1). பெல்ட் நீளம் 3 மீட்டர். அப்ப மூலையிலேர்ந்து நேரா இழுத்தாக்கூட ஹூக் ஸ்கிட்டுக்கு மேல 1.3 மீட்டர் உயரத்துலதான் நிக்கும், பெல்ட் தரைமட்டத்துக்கு வெறும் 26 டிகிரி சாய்வுல இழுக்கும். இந்த சாய்வுல நாலு பெல்ட்டும் அச்சு அசலா சமமா தாங்கினாலே ஒவ்வொண்ணுலயும் 3.4 டன். 3 டன் பெல்ட்ல இப்பவே ஓவர்லோடு. இதுக்கு மேல நீங்க சோக்கர் போடறதா சொல்றீங்க, அதாவது சுத்தி கண்ணுக்குள்ள விட்டு இறுக்கறது, அதுல பெல்ட்டோட தகுதி 80 சதவீதம்தான், 3 டன் 2.4 டன் ஆயிடும்.

இன்னொண்ணு, விறைப்பான லோடுல நாலு கால் (ஹூக்லேர்ந்து ஒவ்வொரு மூலைக்கும் இறங்கற ஸ்லிங்கை கால்னு சொல்லுவோம்) போட்டா நாலும் சமமா தாங்கவே தாங்காது. நாலு கால் கட்டில் ஒண்ணை மேடு பள்ளமான தரையில போட்டுப் பாருங்க, ரெண்டு கால் அழுந்தும், ரெண்டு கால் ஆடும். அதே கதைதான். அதனால எதிரெதிர் மூலைல இருக்கற ரெண்டு கால்தான் முழு லோடையும் எடுக்குதுன்னு வச்சு கணக்கு போடறதுதான் எங்க பழக்கம். அப்படிப் பாத்தா 26 டிகிரில ஒரு பெல்ட்டுக்கு 6.8 டன். தகுதி 2.4, வர்றது 6.8. இதை எப்படிங்க தூக்கறது?

பழைய_ரிக்கர்:
ஜுராங் தம்பி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். சேனலைச் சுத்தி எடுத்தா அந்த சுத்துக்கே அரை மீட்டருக்கு மேல பெல்ட் போயிடும், மிச்சம் இருக்கற பெல்ட் மூலைலேர்ந்து ஹூக்குக்கு எட்டவே எட்டாது. அப்ப பசங்க என்ன பண்ணுவாங்க? பெல்ட்டை மூலையிலேர்ந்து உள்ள தள்ளிப் போடுவாங்க. சரி எட்டிடுச்சுன்னு ஹூக்கை ஏத்துவீங்க, சாய்வா இழுக்கறப்ப பெல்ட் சேனல் மேல வழுக்கிட்டு நடுவைப் பாத்து ஓடும், லோடு ஒரு பக்கம் குப்புற சாயும். நான் பாத்த ஆக்சிடென்ட்ல பாதி இப்படி வழுக்கினதுதான், அறுந்தது கம்மி.

கோவை_செயின்கடை:
ஏனுங்க, ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், நானே சொல்லிடறேன். எங்க கடைக்கு வர்றவங்க எந்தக் கோணத்துல எவ்வளவு தூக்கலாம்னு போட்டிருக்கற ஸ்லிங் சார்ட்டைக் காட்டி "60 டிகிரி வரைக்கும் ஓகேன்னு போட்டிருக்கு, 26 டிகிரி அதுக்குள்ளதானே இருக்கு" ங்கறாங்க. யூரோப் சார்ட்ல கோணத்தை செங்குத்துலேர்ந்து அளக்கறாங்க, அமெரிக்கா சார்ட்ல தரைமட்டத்துலேர்ந்து அளக்கறாங்க. ஒருத்தருக்கு 60ங்கறது இன்னொருத்தருக்கு 30. யூரோப் சார்ட் படி செங்குத்துலேர்ந்து 60க்கு மேல தூக்கவே கூடாது, அதாவது தரைமட்டத்துக்கு 30க்கு கீழ போகவே கூடாதுங்க. இவர் சொல்ற 26 டிகிரி ரெண்டு சார்ட்லயும் தடைதான். சார்ட்டை எடுத்தா முதல்ல அந்த குட்டிப் படத்துல கோணம் எங்கேர்ந்து வரைஞ்சிருக்குன்னு பாத்துப்போட்டு அப்புறம் எண்ணைப் பாருங்க, நெறய பேரு இங்கதான் தப்பு பண்றாங்க.

கோணத்தோட வேலை புரியணும்னா வீட்டுக் கொடிக்கயிறைப் பாருங்க. தொய்வா கட்டின கொடில ஈரப் போர்வை போட்டா ஒண்ணும் ஆகாது. அதே கொடியை விறைப்பா இழுத்துக் கட்டி நடுவுல அதே போர்வையைப் போடுங்க, ஆணி பிடுங்கிட்டு வந்துரும். போர்வை வெயிட்டு மாறலிங்க, சாய்வுதான் மாறிருச்சு. ரெண்டு கால் ஸ்லிங்ல 6 டன் தூக்கறப்ப தரைமட்டத்துக்கு 60 டிகிரின்னா ஒரு காலுக்கு 3.46 டன், 45ன்னா 4.24, 30ன்னா முழு 6 டன். ஒவ்வொரு காலும் முழு லோடை சுமக்குது பாருங்க.

லோடிங்_கான்ட்ராக்ட்:
எல்லாம் பேப்பர் கணக்கு. சைட்ல யாரு கோணமானி வச்சு அளக்கறாங்க. சேஃப்டி ஃபேக்டர் ஏழு இருக்கறதே இந்த மாதிரி ஏத்த இறக்கத்துக்குத்தானே?

பழைய_ரிக்கர்:
கான்ட்ராக்ட் தம்பி, அந்த ஏழு எனக்கும் தெரியும். பெல்ட்டுக்கு 7, வயர் ரோப்புக்கு 5, செயினுக்கு 4 வைக்கறாங்க. பெல்ட்டுக்கு ஏன் ஜாஸ்தின்னு யோசிச்சிருக்கீங்களா? மூணுலயும் சீக்கிரமா சேதம் ஆகறதும், சேதம் சரியா கண்ணுக்குத் தெரியாததும் பெல்ட்டுதான். வெயில்ல கெடக்கு, வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழுது, மண்ணு உள்ள போய் நூலை அரைக்குது, கிரீஸ், தேய்மானம், இத்தனைக்கும் சேத்துத்தான் ஏழு. அது புது பெல்ட்டை நேரா இழுத்தா வர்ற கணக்கு. நீங்க 25 வருஷம் தூக்கினதுல அந்த ஏழு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு உங்களைக் காப்பாத்தியிருக்கு, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு வெளில தெரியாது. கோணமானியும் வேணாம், ஹூக்லேர்ந்து லோடு வரைக்கும் இருக்கற உயரம், ஸ்லிங் நீளத்துல பாதியை விட கம்மியா இருந்தா 30 டிகிரிக்கு கீழ போயிட்டீங்கன்னு அர்த்தம். டேப் போதும்.

எட்ஜுக்கு வருவோம், இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். சாக்கு பெயிண்ட்டைக் காப்பாத்தும், பெல்ட்டைக் காப்பாத்தாது. டென்ஷன்ல இருக்கற பெல்ட் கேஸ் கட்டிங் எட்ஜ் மேல ஒரு இஞ்ச் நகர்ந்தா போதும், ரம்பம் மாதிரி அறுத்துடும், அந்த நேரத்துல ஏழு மடங்கு எட்டு மடங்குன்னு எந்தக் கணக்கும் நிக்காது. ரொம்ப வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த ஒரு ஷாப்புல பிளேட் பாக்ஸ் ஒண்ணு, 2 டன் கூட இல்ல, ரெண்டு பச்சை பெல்ட்ல தூக்கினோம், ஒண்ணு 2 டன், அதாவது டபுள் கெபாசிட்டி. தரையிலேர்ந்து ஒரு முழம் ஏறியிருக்கும், கிரேன் ஒரு சின்ன ஜெர்க், பெல்ட் கத்தியால வெட்டின மாதிரி நேரா போச்சு. பாக்ஸ் ஓரத்தைப் பிடிச்சிட்டு நின்ன பையனோட பாதத்து மேல இறங்கிடுச்சு. அவன் கால் விரல் மூணு போச்சு. அந்தப் பெல்ட் வாங்கி நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு, டேக் (கெபாசிட்டி எழுதின லேபிள்) எல்லாம் கிளீனா இருந்துச்சு. அன்னியிலேர்ந்து லோடைப் பாத்தா நான் முதல்ல எட்ஜைத்தான் தடவிப் பாப்பேன், வெயிட்டு அப்புறம்தான் கேப்பேன்.

எட்ஜோட வளைவு பெல்ட்டோட தடிமனை விட சின்னதா இருந்தா அதை கூர்மையான எட்ஜுன்னே எடுத்துக்கணும். பெல்ட் 6, 7 மில்லி தடிமன்னா 3 மில்லி வளைவு கூட கூர்மைதான், கையில குத்தாததுனால நல்ல எட்ஜுன்னு நெனச்சுடாதீங்க. பைப்பை நீளவாக்குல ரெண்டா பிளந்து எட்ஜ்ல கவுத்து வைக்கலாம், பாலியூரித்தேன் கவர் கிடைக்குது அதைப் போடலாம். அதுவும் கழண்டு விழாத மாதிரி கட்டி வைக்கணும்.

ஓசூர்_கல்:
நாங்க கிரானைட் பிளாக் ஏத்தறவங்க, அவர் எட்ஜ் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு. கல்லு எட்ஜ் பெல்ட்டைத் தின்னுடும், அதனால எங்க யார்டுல பிளாக்குக்கு வயர் ரோப்தான், பாலிஷ் பண்ணின ஸ்லாப்புக்கு மட்டும் பெல்ட். வெயிட்டு பத்தி ஒண்ணு சொல்லணும், டிராயிங் வெயிட்டை அப்படியே நம்பாதீங்க. கல்லுக்கு கன மீட்டருக்கு 2.7 டன் போட்டு நாங்களே அளந்து பாத்துக்குவோம், இரும்புக்கு 7.85. உங்க ஸ்கிட்ல ஹைட்ரோ டெஸ்ட் (பைப்ல தண்ணி நிரப்பி பிரஷர் குடுத்துப் பாக்கறது) பண்ணின தண்ணி பைப்ல நின்னா அதுவும் வெயிட்டுதான், வடிச்சீங்களான்னு பாருங்க.

துவாக்குடி_ஃபேப்:
அண்ணே படிச்சிட்டு அந்தப் பையன் காலையே நெனச்சிட்டு இருந்தேன். இன்னிக்கு காலைல சூப்பர்வைசரையும் உக்கார வச்சு இந்த இழையை முழுசா படிக்க வச்சேன், கணக்கைப் போட்டுப் பாத்துட்டு அவரும் பெல்ட் வேணாம்னுட்டாரு. பெயிண்ட் இன்னும் அடிக்கலங்கறதால லக் வெல்ட் பண்ணலாமான்னு பார்ட்டியைக் கேட்டிருக்கேன். லக் வந்துட்டா எந்த ஸ்லிங்?

ஜுராங்_லிஃப்டிங்:
லக் வந்தா பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுது, சோக்கர் வேணாம், வழுக்காது, எட்ஜ் படாது, பெயிண்ட்டும் தப்பிக்கும். ஆனா சும்மா ஒரு பிளேட்டை ஒட்டவச்சு லக்குன்னு சொல்லாதீங்க. டிசைன் பண்ணினவர் கணக்கு போட்டுக் குடுக்கணும், முழு பெனட்ரேஷன் வெல்ட் (பிளேட் தடிமன் முழுக்க இறங்கற வெல்ட்), டிபி டெஸ்ட் (சாயம் தடவி வெல்ட்ல விரிசல் இருக்கான்னு பாக்கறது), முக்கியமா லக் பிளேட் ஹூக் இருக்கற திசையைப் பாத்து நிக்கணும். ஸ்கிட் நீளத்துக்கு நேரா நிறுத்திட்டீங்கன்னா செயின் குறுக்கா இழுக்கறப்ப லக்கை பக்கவாட்டுல மடிக்கும்.

நீளம்: 4 மீட்டர் கால் எடுங்க. அப்ப ஹூக் ஸ்கிட்டுக்கு மேல 2.96 மீட்டர்ல நிக்கும், தரைமட்டத்துக்கு 48 டிகிரி கிட்ட வரும். 2.96, ஸ்கிட் உயரம் 1.2, டிரெய்லர் பெட் ஒரு 1.3, எல்லாம் சேத்து 5.46, உங்க ஹூக் உயரம் 6. அரை மீட்டர் கையில இருக்கு. 5 மீட்டர் கால் போட்டா கோணம் இன்னும் நல்லா வரும் ஆனா டிரெய்லர் மேல ஏத்த உயரம் பத்தாது. ஹெட்ரூம் இதை விட கம்மியா இருந்திருந்தா ஸ்பிரெடர் பீம்தான் (ஹூக்குக்குக் கீழ ஸ்லிங்கை அகலமா விரிச்சுப் பிடிக்கற பீம்) போடச் சொல்லியிருப்பேன்.

சைஸ்: ரெண்டு கால்தான் தாங்குதுன்னு வச்சா ஒரு காலுக்கு 4.05 டன். மோட்டார் பக்கம் வெயிட்டு 300 மில்லி சாயறதால அந்தப் பக்க கால்ல 4.5 வரைக்கும் போகும்.

கோவை_செயின்கடை:
அப்ப கிரேடு 80 செயின்ல (தூக்கறதுக்குன்னே பண்ற கெட்டி ஸ்டீல் செயின்) 13 மில்லி எடுங்க. 10 மில்லி ஒரு காலுக்கு 3.15 டன், 13 மில்லி 5.3 டன். சார்ட்ல 10 மில்லி நாலு கால் செட்டுக்கு 6.7 டன்னு போட்டிருக்கும், 6 டன்னுக்கு அதுவே போதும்னு கடைக்காரங்க தள்ளி விடுவாங்க (நானும் கடைக்காரன்தான், ஆனா குடுக்க மாட்டேன்). அந்த 6.7ங்கறது நாலு காலும் ஒரே கோணத்துல இருக்கறப்ப, செங்குத்துலேர்ந்து 45 டிகிரிக்குள்ள. உங்க லோடு ஒரு பக்கம் சாயுது, கால் நீளம் மாறும், லேசான பக்கம் 45ஐத் தாண்டும். 13 மில்லிதான் சரிங்க.

வயர் ரோப்பும் தப்பில்ல, விலை கம்மி, தூக்கிப் போக லேசு. ஆனா நீளத்தை மாத்த முடியாது. செயின்ல ஷார்ட்னிங் ஹூக் இருந்தா கண்ணி கண்ணியா குறைச்சுக்கலாம், மோட்டார் ஒரு பக்கம் சாயற உங்க லோடுக்கு அது ஒண்ணே போதும் செயின் எடுக்க. ஒரே விஷயம் அந்த செட்டு 60 கிலோவுக்கு மேல வரும், ஒருத்தரா தூக்கச் சொல்லாதீங்க. லக்குல செயினை மாட்டற ஷேக்கிள் 4.75 டன் 'போ' டைப் கணக்குக்கு சரிதான், மோட்டார் பக்கம் அடுத்த சைஸ் 6.5 போட்டுக்கோங்க.

வாங்கறப்ப கண்ணியைத் திருப்பிப் பாருங்க, 8 இல்லாட்டி 80னு அச்சு இருக்கணும், செட்டுல டேக் இருக்கணும், டெஸ்ட் சர்டிபிகேட் வாங்கிக்கோங்க. லாரில லோடு கட்டற செயினும் பாக்க இதே மாதிரி இருக்கும். ராட்செட் பெல்ட்டும் அப்படித்தான், அதெல்லாம் கட்டறதுக்கு, தூக்கறதுக்கு இல்லிங்க.

ராணிப்பேட்டை_சேஃப்டி:
நான் ஒரு ஃபேக்டரில சேஃப்டி ஆபீசர், லேட்டா வர்றேன். உங்க கிட்ட மிச்சம் இருக்கற எட்டு பெல்ட்டைப் பத்தி யாரும் கேக்கல. டேக் இருக்கா? படிக்க முடியுதா? கலரை மட்டும் நம்பி தூக்காதீங்க, ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5ன்னு பொதுவா வந்தாலும் எல்லா கம்பெனியும் அதையே பின்பத்தறதில்ல, டேக்ல எழுதினதுதான் கணக்கு. டேக் போன பெல்ட் எவ்வளவு புதுசா தெரிஞ்சாலும் தூக்கறதுக்கு ஆகாது. ஓரத்துல வெட்டு, தையல் பிரிஞ்சது, உருகிக் கெட்டியானது, முடிச்சு போட்டது எல்லாம் அவுட்.

எங்க ஏரியால டேனரி, கெமிக்கல் நெறய, அதனால இதையும் சொல்லிடறேன், பாலியஸ்டர் பெல்ட்டுக்கு காஸ்டிக் ஆகாது, நைலானுக்கு ஆசிட் ஆகாது. பிக்ளிங் டேங்க் (இரும்பை ஆசிட்ல முக்கி சுத்தம் பண்ற தொட்டி) கிட்ட எந்த பெல்ட்னு பாக்காம போட்டு நூல் பொடிப்பொடியா வந்ததை நான் கண்ணால பாத்திருக்கேன். சூடான ஜாப்லயும் பாலியஸ்டர் 100 டிகிரிக்கு மேல போகக்கூடாது, கிரேடு 80 செயின் 200 வரைக்கும் முழு லோடு தாங்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது செயின், ரோப், ஷேக்கிள் எல்லாத்தையும் தகுதி உள்ள ஆளை வச்சு செக் பண்ணணும்னு 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட் 29வது பிரிவுலயே எழுதி வச்சாங்க. ஆனா ஒவ்வொரு தடவை தூக்கறதுக்கு முன்னாடியும் கையில உருவிப் பாக்கற அந்த ரெண்டு நிமிஷம்தான் ஆளைக் காப்பாத்தும். வயர் ரோப்னா ஒரு லே நீளத்துல (ஒரு புரி ரோப்பை ஒரு முழு சுத்து சுத்தற நீளம்) 10 கம்பி அறுந்திருந்தாலோ ஒரே புரியில 5 அறுந்திருந்தாலோ தூக்கிப் போட்டுடுங்க.

லோடிங்_கான்ட்ராக்ட்:
அந்தப் பையன் கால் விரல் விஷயம் படிச்சதுலேர்ந்து ஒரு மாதிரி இருக்கு. நம்ம ஆளுங்களும் லோடைக் கையால பிடிச்சிட்டுத்தான் நிப்பாங்க. நேத்து என்கிட்ட இருக்கற பெல்ட்டையெல்லாம் விரிச்சுப் போட்டுப் பாத்தேன், பாதிக்கு மேல டேக் இல்ல. பைப் பிளந்து வைக்கறது பத்தி சொன்னீங்களே, அது எந்த சைஸ் பைப்புண்ணே?

பழைய_ரிக்கர்:
அதைப் பாத்தீங்களே, ரொம்ப சந்தோஷம் தம்பி. ரெண்டு இஞ்ச் இல்ல அதுக்கு மேல எடுங்க, வெட்டின ஓரத்தை நல்லா கிரைண்ட் பண்ணிடுங்க, இல்லன்னா பைப்போட ஓரமே பெல்ட்டை வெட்டும். பெல்ட் அகலத்தை விட ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீளமா விடுங்க. ஆளுங்க கையில டேக் லைன் குடுங்க, கயிறு பிடிச்சு தள்ளி நிக்கட்டும்.

துவாக்குடி_ஃபேப்:
எல்லாருக்கும் அப்டேட். பார்ட்டி லக்குக்கு ஒத்துக்கிட்டாங்க, அவங்க டிசைன் ஆளே கணக்கு போட்டு அனுப்பிட்டாரு, டிபி டெஸ்ட் பண்ணி அப்புறம் பெயிண்ட் அடிச்சோம். 13 மில்லி நாலு கால் செயின் 4 மீட்டர் வாங்கினோம். நேத்து சாயங்காலம் ஏத்தினோம். முதல்ல ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தினோம், சொன்ன மாதிரியே மோட்டார் பக்கம் தாழ்ந்து நின்னுச்சு, இறக்கி அந்தப் பக்க ரெண்டு காலையும் பத்து பத்து கண்ணி குறைச்சு ஹூக்கை நகர்த்தி மறுபடி தூக்கினா மட்டம் வச்ச மாதிரி நின்னுச்சு. ரெண்டு ஓரத்துலயும் டேக் லைன், யாரும் கிட்ட போகல. பைப்லேர்ந்து ரெண்டு பக்கெட் தண்ணி வடிச்சோம், ஓசூர் அண்ணனுக்கு நன்றி.

பெல்ட் எட்டையும் விரிச்சுப் பாத்தோம். மூணுல டேக் இல்ல, ரெண்டுல வெல்டிங் பொறி பட்டு உருகியிருக்கு. அந்த அஞ்சையும் சூப்பர்வைசரே கட்டிங் வீல் வச்சு நாலு நாலு துண்டா வெட்டிட்டாரு, குப்பையிலேர்ந்து எடுத்து யாரும் கட்டிடக்கூடாதுன்னு.